சராசரி ரீடிங்

பாகாயத்தில் செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி.
டாக்டர் நவமணி அறையில் விசிறி இரண்டிலேயே ஓடும்.
ஐந்தில் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.
நாற்காலி என் தலைக்குப் பின்னால்,
அங்கிருந்து குரல் மட்டும்:
ஆசை ஒரு விசை, அழியாது,
ஒன்றை விட்டால் இன்னொன்றைப் பற்றும்,
எதுவும் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து
உங்களையே பற்றும்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர், டாக்டர்.
பதினேழு வருஷமாகக் கஸ்பா, வேலப்பாடி, கொசப்பேட்டை.
அழியாது என்பதெல்லாம் புத்தகத்தில்.
எங்கள் படிவத்தில் லைன் லாஸ் என்று ஒரு கட்டம் உண்டு:
துணைமின் நிலையத்தில் புறப்பட்டு
எந்த வீட்டுக்கும் வந்து சேராதது.
யாரும் திருடவில்லை. யாரும் விளக்கெரிக்கவில்லை.
வழியில் கம்பி கொஞ்சம் சுட்டது,
அவ்வளவுதான்.

பின்னால் பேனா ஓடும் சத்தம்.

பாசித்தைப் பற்றி மூன்றாவது வாரம்தான் சொன்னேன்.
கஸ்பாவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்.
மீட்டர் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில்.
எப்போது போனாலும் எண்ணிக்கொண்டிருப்பார்
உதட்டுக்குள், அவர்கள் வீட்டு உருதில்,
செப்புக் கம்பி விரல் வழியாக ஓட ஓட.
நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை போய்விடும்,
மறுபடி முதலிலிருந்து.
அதனால் நான் நிற்பேன்,
கருகிய வார்னிஷ் வாசனையில்,
இரண்டு மாதத்துக்கு நான்கு நிமிஷம்.
ஆறு வருஷத்தைக் கூட்டினால்
இரண்டரை மணிகூட ஆகவில்லை.
ஒரு சினிமாவுக்குப் போதாது.

தொட்டதில்லை. ஒருமுறை பேனா தந்தார்.
அந்தப் பேனா இப்போது? என்றார் டாக்டர்.
எழுதாது. பையில் இருக்கிறது.
என் வீட்டுக்காரர் நல்லவர்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கனவா? ஒன்றே ஒன்றுதான் வருகிறது.
பாலாற்று மணலில் கம்பங்கள், விரிஞ்சிபுரம் வரைக்கும்.
இருட்டில் யாரோ நீளக் கழியால்
லைனில் கொக்கி போடுகிறார்கள்.
ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தால்
பகலில் அபராதம் எழுதுகிற கை,
என் வளையல்.

சித்திரையில் கடை பூட்டியிருந்தது.
கதவு பூட்டியிருந்தால் எங்களுக்கு விதி ஒன்று:
முந்தைய கணக்கின் சராசரியைப் போட வேண்டும்.
உள்ளே ஆள் இல்லை, விளக்கு இல்லை,
ஆனால் எரிந்ததாகவே பில் வரும்.
போட்டேன்.
ஆனியிலும் பூட்டு. ஆனியிலும் போட்டேன்.
நான் அதற்குள் ஐந்து கிலோ இளைத்திருந்தேன்.
ராணிப்பேட்டைக்குப் போய்விட்டாராமே,
தோல் ஷெட் மோட்டாரெல்லாம் அங்கேதானே,
என்றார் டீக்கடைக்காரர், கிளாஸ் கழுவிக்கொண்டே.
ஆவணியில் மீட்டரையும் கழற்றியிருந்தார்கள்.
சுவரில் நான்கு திருகு ஓட்டை.
கையில் கருவியோடு
அதையும் நின்று படித்துவிட்டு வந்தேன்.

ஒரேயடியாக எடுக்க முடியாது, என்றது குரல்.
ஒவ்வொரு நினைவாக அவிழ்க்க வேண்டும்.
அவிழ்த்தது உங்களிடம் திரும்பும்.

அது தெரியும் எனக்கு.
எரிந்த காயிலை அவர் வெட்டி எறிந்து நான் பார்த்ததில்லை.
கரியான கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து
அப்போதும் எண்ணுவார்.
ஏன் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை,
எண்ணிக்கொண்டிருந்தாரே.
பிறகு நானாகப் புரிந்துகொண்டேன்:
புதுக் கம்பிக்கும் அதே எண்ணிக்கை வேண்டும்.
கம்பி மாறும், டாக்டர்.
சுற்று மாறாது.

வெகுநேரம் பேச்சில்லை.
கழுத்தில் வேர்வை இறங்கியது.
எங்கிருந்து தைரியம் வந்ததோ,
விசிறியை ஐந்தில் வையுங்கள் என்றேன்.

நாற்காலி நகர்ந்தது. சுவிட்சு திருகும் சத்தம்,
ஒன்று, மூன்று, ஐந்து.
இறக்கை அதே வேகத்தில் சுற்றியது.
நாலு மாதமாக இப்படித்தான் என்றார்,
முதல் முறையாகக் கொஞ்சம் கூச்சத்தோடு.
காயில் போயிருக்குமாம்,
கட்டுகிறவர் யாராவது தெரியுமா உங்களுக்கு?

தெரியும் என்று சொல்ல
நான்கு நிமிஷம் ஆனது.